குருதிக் கடன்

உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். கோடையில் குளிர்ச்சி நாடி வருவோர் ஏரியையும் பூங்காவையும் தொட்டபெட்டாச் சிகரத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். அவ்வூரின் ஒரு பால் புல்தரையில் கூம்பு வடிவான கூடுகள் வரிசை வரிசையாக நிற்பதை அவருள் பலர் அறியார். அவை விண்ணிலிருந்து இடையறாது பொழியும் கதிர்களை எண்ணிக் கணக்கிடும் கருவிகள். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் 'கிரேப்ஸ்-3' என்னும் ஆய்வுக்கூடம் அது. அங்குள்ள மியூவான் தொலைநோக்கியின் பரப்பு மட்டும் 560 சதுர மீட்டர். 2014-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையின்மேல் கவிந்த இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியதை இக்கருவியின் துணையால் விஞ்ஞானிகள் கணித்தனர்.

விண்கதிரை எண்ண மலைமேல் ஏறுவது ஏன்? காற்று ஒரு போர்வை. அது விண்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மேலே செல்லச் செல்லப் போர்வை மெலிகிறது; கதிர் மிகுகிறது. ஆதலின் உதகையில் பிறந்து வளரும் குழந்தையின் உடலில் ஓர் ஆண்டில் படும் விண்கதிர், சென்னைக் கடற்கரையில் வளரும் குழந்தையின்மேல் படுவதைப்போல் இருமடங்குக்கும் மேலாகும். இதனைக் கேட்டவுடன் சிலர் அஞ்சுவர். அந்தக் குழந்தைக்குத் தீங்கு நேருமோ, அதன் வழித்தோன்றல்கள் ஊனமுற்றுப் பிறப்பரோ என ஐயுறுவர். அச்சம் இயற்கையே, ஆயினும் அச்சம் விடையாகாது. கதிர் படும் மக்களின் கால்வழியை ஆராய்வது யாங்கனம், அவ்வாராய்ச்சி எவ்விடை தந்தது, ஆராயப்பட்ட மக்களுக்கு ஆராய்ந்தோர் செய்யவேண்டிய கடமை யாது என்பன ஆழ்ந்து எண்ணத்தக்கவை.

கதிர் பட்டால் கால்வழியில் மாற்றம் நேரும் என்பதை முதன்முதலில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தவர் அமெரிக்க அறிஞர் முல்லர். 1927-ஆம் ஆண்டில் அவர் பழ ஈக்களின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். அவற்றின் வழித்தோன்றல்களில் புதிய புதிய மாறுபாடுகள் தோன்றக் கண்டார். 1946-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டுகள் வீழ்ந்தன. ஈயிடம் கண்டது மனிதரிடமும் நிகழுமோ என்னும் வினா அதன்பின் ஏட்டளவில் நிற்கவில்லை. ஒவ்வொரு தாயின் நெஞ்சிலும் எழுந்தது.

1947-இல் அமெரிக்க நாட்டின் சார்பில் அவ்விரு நகரங்களிலும் ஓர் ஆராய்ச்சிக் குழு அமைந்தது. போருக்குப்பின் ஜப்பானில் உணவுப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. கருவுற்ற தாய்மார் ஐந்தாம் திங்களில் தம் பெயரைப் பதிந்துகொண்டால் மிகுதியான உணவுப் பங்கு கிடைக்கும். ஆராய்ச்சியாளர் அந்தப் பதிவையே பயன்படுத்தி, பிறக்கவிருந்த குழந்தைகளின் பட்டியலைத் திரட்டினர். ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் என்னும் இருவர் இப்பணியை முன்நின்று நடத்தினர். 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகள் ஆராயப்பட்டன. குண்டின் கதிர்பட்ட பெற்றோருக்குப் பின்னர்ப் பிறந்த குழந்தைகளிடம், மற்றையோர் குழந்தைகளைக் காட்டிலும் ஊனமோ இறப்போ ஐயமற மிகுந்திருப்பதாகத் தெரியவில்லை. குண்டு வீழ்ந்தபோது தாயின் வயிற்றில் இருந்த சிசுக்களுள் சில மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தன என்பதும், கதிர்பட்டவர்களிடமே இரத்தப் புற்று முதலிய நோய்கள் மிகுந்தன என்பதும் வேறு செய்திகள்; அவை உண்மை. கதிர் பட்டவர் உடலில் நேரும் கேடு ஒன்று. பின்னர்ப் பிறக்கும் வழித்தோன்றலுக்குச் செல்லும் கேடு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதனால் விளைந்த தீமை சிறிதன்று. குண்டுக்குத் தப்பிய இளம்பெண்களை மணக்க அஞ்சி ஒதுங்கிய குடும்பங்கள் பல. குண்டு செய்யாத கொடுமையை அறியாமை செய்தது.

ஜப்பானியர் அந்தக் குழுவின்மேல் கூறிய குறை ஒன்று உண்டு. 'எங்களை அழைத்துச் செல்கிறார்கள், குருதி எடுக்கிறார்கள், குறிப்பு எழுதுகிறார்கள், ஆனால் மருத்துவம் செய்வதில்லை' என்பதே அது. ஆராய்வதற்கென ஏற்பட்ட குழு. நோய் தீர்ப்பது அதன் பணியாக வகுக்கப்படவில்லை. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். நோயுற்றுக் கிடந்தவன் கண்ணில் அது எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1975-இல் அக்குழு மறைந்து, இரு நாடுகளும் இணைந்து நடத்தும் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இடத்தில் எழுந்தது.

குண்டின் கதிர் ஒரு நொடியில் பாய்ந்தது. இந்தியாவின் தென்கோடியிலோ தலைமுறை தலைமுறையாக மெல்லக் கதிர்வீசும் மண் உண்டு. அதனை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், தென்னாட்டிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனியத்தைக் கண்டார். கயிற்றின் வழியே மணலைத் தேடிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். அந்த இடம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சி. அம்மணலில் தோரியம் உண்டு. அந்நாளில் விளக்கின் வலைத்திரி செய்ய அது பயன்பட்டது. தோரியமும் அதன் வழிப்பொருள்களும் ஓயாது கதிர் வீசுவன. கேரளத்தில் நீண்டகரை முதல் புறக்காடு வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளத்திற்கு இத்தகைய மணல் இடையிடையே பரந்து கிடக்கிறது. உலகில் ஒருவர் ஓர் ஆண்டில் இயற்கையாகப் பெறும் கதிர் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் என்பர். இக்கடற்கரையின் சில வீடுகளில் அது அந்த அளவைப்போல் பன்மடங்கு உயர்ந்து, 45 வரையும் செல்கிறது.

இங்கு வாழும் மீனவரையும் கயிறு திரிப்போரையும் விஞ்ஞானிகள் பல முறை நாடி வந்தனர். முதலில் மனிதரை விட்டு எலிகளை ஆராய்ந்தவர்களும் உண்டு. மணலில் வாழும் கறுப்பெலிகளையும் பிற இடத்து எலிகளையும் ஒப்பிட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என 1966-இல் அறிவித்தனர். 1976-இல் டில்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கொச்சுப்பிள்ளை, வர்மா, இராமலிங்கசுவாமி முதலியோர், மணற்பகுதியில் 'டவுன்' குறைபாடு மிகுதி என எழுதினர். அம்முடிவை மறுத்தும் அறிஞர் எழுதினர். ஒப்பிட எடுத்த மக்கள்தொகை போதுமானதன்று எனச் சுட்டினர். விவாதம் நெடுநாள் நடந்தது. இதனைக் கண்டு விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை எனச் சிலர் எள்ளுவர். ஒருவர் கண்டதை மற்றொருவர் அஞ்சாது மறுப்பதும், மறுத்தவர் பின்னர் மக்கள்தொகையைப் பெருக்கி மீண்டும் ஆராய்வதுமே விஞ்ஞானத்தின் நேர்மை என்பதை அவர் உணரார்.

அவ்வாறே மீண்டும் ஆராய்ச்சி நடந்தது. 1995 ஆகஸ்டு முதல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் அவ்வட்டார மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளைப் பதிந்து வந்தனர். 2012 வரையில் 1,40,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தும், பிறவி ஊனமோ இறந்து பிறத்தலோ கதிரின் அளவுக்கேற்ப மிகுவதாகக் காணவில்லை. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தினர் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, புற்றுநோயும் கதிரினால் மிகவில்லை என 2009-இல் அறிவித்தனர். 2002-இல் வேறு ஒரு குழுவினர், தாய்வழியே மட்டும் செல்லும் மரபுப்பொருளில் சிறு மாற்றங்கள் மணற்பகுதிக் குடும்பங்களில் மிகுந்திருப்பதாகக் கண்டனர். அம்மாற்றங்களால் நோய் எதுவும் விளைந்ததாக அவர்கள் கூறவில்லை. 1986-இல் செர்னோபிலில் அணு உலை வெடித்தபின் அங்குக் கதிர்பட்ட பெற்றோருக்குப் பிறந்த 130 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தறிந்தவர்களும், புதிய மாற்றங்கள் மிகவில்லை என 2021-இல் எழுதினர்.

'இல்லை' என்னும் விடைக்குப் புகழ் குறைவு. ஊனம் மிகுந்தது என்றால் செய்தித்தாள் பெரிய எழுத்தில் அச்சிடும். மிகவில்லை என்றால் ஒரு மூலையில் இடும். ஆயினும் கருநாகப்பள்ளியில் பிள்ளை பெறவிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த 'இல்லை' எத்துணை ஆறுதல்! கடற்கரையில் பன்மடங்கு கதிர் பட்டும் காணாத கேட்டை, உதகையில் ஓரளவு மிகுந்த விண்கதிரினால் எதிர்பார்க்கக் காரணம் இல்லை. மலையில் வாழ்வோர் இதற்காகக் கவலையுற வேண்டா.

எனினும் மரபுவழித் துன்பம் நீலகிரியில் இல்லாமல் இல்லை. அது விண்ணிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்த கதிரினால் விளைந்ததன்று. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எனப் பழங்குடி மக்கள் பலர் வாழும் மலை இது. ஹெர்மன் லேமான், மேரி கட்புஷ் என்னும் இருவர் இம்மலை மக்களின் குருதியை ஆராய்ந்து, 1952-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆப்பிரிக்க வழியினருக்கே உரியதெனப் பலரும் எண்ணியிருந்த அரிவாள் அணுச் சோகையின் கூறு தென்னிந்தியாவிலும் உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் அந்நோய் காணப்பட்டது. ஒரே ஆண்டில் இரு தேயிலை நாடுகள் இந்நோயால் பெயர் பெற்றன.

தமிழில் 'அணு' என்னும் சொல் படும் பாடு பெரிது. குண்டிலும் அணு; குருதியிலும் அணு; மரபிலும் அணு. இங்கே கூறும் அரிவாள் அணு, குண்டின் அணுவன்று, குருதியிலுள்ள செவ்வணு. அது இயல்பாக வட்டமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். அதனுள் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளின் அமைப்பில் ஒரே ஒரு கூறு மாறிவிட்டால், உயிர்வளி குறையும் வேளையில் செவ்வணு அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகிறது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. எலும்பு, மார்பு, வயிறு எங்கும் தாங்கொணா வலி எழுகிறது. அணுக்கள் விரைவில் அழிவதால் சோகையும் நிலைக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவரே நோயாளர். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் சுமப்பவர். அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோயுடன் பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இத்தகைய கூறு ஒரு மக்கட் கூட்டத்தில் ஏன் நிலைத்தது? 1954-இல் ஆலிசன் என்பவர் விடை கண்டார். சுமப்பவரின் உடல் கடும் மலேரியாவை எதிர்க்க வல்லது. கூடலூர், வயநாட்டுக் காடுகள் ஒருகாலத்தில் மலேரியாவுக்குப் பெயர் போனவை. வெளியிலிருந்து வந்தோர் காய்ச்சலுக்கு அஞ்சி அங்கே தங்கத் தயங்கினர். அக்காடுகளில் குடிகள் அழியாமல் வாழ்வதற்கு இக்கூறும் ஒரு கேடயமாக நின்றது. ஆகவே, இதனைக் 'கெட்ட இரத்தம்' என்று கூறுவோர் விஞ்ஞானத்தையும் அறியார், வரலாற்றையும் அறியார்.

இந்த நோய்க்குக் குளிரும் நீர்வற்றுதலும் பகை. நீலகிரியிலோ குளிருக்குக் குறைவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் கூடலூர் மலைச்சரிவுகள் நாள்முழுதும் நனைந்துகொண்டிருக்கும். சாக்கையோ நெகிழியையோ போர்த்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இந்நோய் இருப்பின், அம்மழையே வலியை எழுப்பப் போதும். வலியால் அவள் வேலைக்கு வராதிருந்தால் சோம்பேறி என்பர். பிள்ளை அடிக்கடி பள்ளிக்கு வராதிருந்தால் படிப்பில் நாட்டமில்லை என்பர். நோயின் பெயர் தெரியாதவரை அவர்கள் தம் பக்கம் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெயரோ 1952-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் அச்சேறிவிட்டது!

கடன் என்பது இங்கேதான் எழுகிறது. ஆராய்ச்சியாளர் சிலர் இதற்கு மறுமொழி கூறுவர்: 'உண்மையைக் கண்டு சொல்வது எங்கள் தொழில். மருத்துவமனை கட்டுவது அரசின் தொழில். குருதி எடுப்பவரெல்லாம் நோய் தீர்க்கவும் வேண்டும் என்றால் ஆராய்ச்சியே நடவாது.' இக்கூற்றில் பொருள் இல்லாமல் இல்லை. லேமானும் கட்புஷும் கண்டு கூறியிராவிட்டால் நோய் இன்னும் பல ஆண்டுகள் மறைந்தே கிடந்திருக்கும். அக்காலத்தில் இந்நோய்க்குச் செய்யக்கூடிய மருத்துவமும் மிகக் குறைவு. அவர்களைக் குற்றம் சாட்டுவது முறையன்று. ஆனால் மருத்துவம் செய்தல் வேறு. விடையைச் சொல்லுதல் வேறு. மருத்துவம் செய்ய இயலாதவரும் விடையைச் சொல்ல இயலும். குருதி தந்தவர் மொழியில், அவர் வாசலில் சென்று, 'உம் குருதியில் கண்டது இது, குளிரில் நனையாதீர், நீர் நிறையப் பருகுவீர், காய்ச்சல் வந்தால் காத்திராதீர்' என்று கூறப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. கட்டுரை எழுதும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஒப்புதல் பெறுவதும் இதைச் சார்ந்ததே. எழுதப் படிக்க அறியாத ஒருவரிடம் தாளை நீட்டிக் கைந்நாட்டுப் பெறுவது ஒப்புதல் ஆகாது. பணியர் பேசும் மொழி பணிய மொழி. காட்டுநாயக்கருக்கும் தனி மொழி உண்டு. கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவரின் ஏட்டுத் தமிழ் அவர்களுக்குப் பாதி புரியும்; பாதி புரியாது. மனிதரை ஆராய்வோர் அவர்களுக்கு விளங்கும் மொழியில் செய்தியைக் கூறி, அவர்தம் விருப்பத்தின்பேரில்தான் ஆராய வேண்டும் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006-ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும், திருத்தி வெளியிட்ட 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் விதித்துள்ளது. விதி நன்று. மலைப்பாதையில் அவ்விதி நடந்து செல்லக் கால்கள் வேண்டும்.

அக்கால்கள் கூடலூரில் கிடைத்தன. 1990-இல் அங்கு ஆதிவாசி மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. பழங்குடிப் பெண்களே செவிலியராகவும் ஊர்தோறும் செல்லும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். நோய் எந்தெந்தக் குடும்பத்தில் உண்டு என்பதைக் கண்டறிந்து, நோயாளரைத் தொடர்ந்து கவனிக்கும் பணி அவர்கள் கையால் வேரூன்றியது. கோத்தகிரியில் 1958-இல் மருத்துவர் நரசிம்மன் நிறுவிய நீலகிரி ஆதிவாசி நலச்சங்கமும் மலையின் மறுபுறத்தில் மருத்துவத் தொண்டு ஆற்றி வந்துள்ளது. குருதியை எடுப்பவர் அக்கா முறை, தங்கை முறை கொண்டாடும் ஒருத்தியாக இருக்கும்போது கேள்வி கேட்க அச்சம் எழாது. முடிவு என்ன ஆயிற்று என்று அடுத்த சந்தை நாளில் வழிமறித்தும் கேட்கலாம். வெளிநாட்டறிஞரை அவ்வாறு கேட்க இயலுமா?

நாடு முழுவதற்குமான திட்டம் 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோல் என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடி மக்களின் குருதியை ஆராய்வதும், 2047-க்குள் இந்நோயை ஒழிப்பதும் அதன் நோக்கம். ஆராயப்பட்டோர்க்கு அவரவர் நிலையைக் குறிக்கும் அட்டை வழங்கப்படுகிறது. அட்டை வழங்குவது பழைய கடனைத் தீர்க்கும் முதற்படி. ஆனால், அதில் ஓர் இடர் ஒளிந்துள்ளது. மணப்பொருத்தம் பார்ப்போர் அட்டையைப் பார்த்து ஒரு பெண்ணை ஒதுக்கத் தொடங்கினால், ஹிரோஷிமாப் பெண்களுக்கு நேர்ந்தது கூடலூரிலும் நேரும். இருவரும் சுமப்பவர் எனின் அவர்கள் அறிந்து, எண்ணி, முடிவு செய்யட்டும், மருத்துவர் துணையிருக்கட்டும். ஒருவர் மட்டும் சுமப்பவர் எனின் அவர்தம் மக்களுக்கு நோய் வாராது. இந்தச் சிறு கணக்கை அட்டையுடன் சேர்த்து விளக்காமல் அட்டையை மட்டும் கையில் கொடுப்பது, விளக்கைக் கொடுத்து எண்ணெயைக் கொடாமல் அனுப்புவதைப் போன்றது. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி 'நோய் இனம்' என்று எழுதும் ஏடுகளும் இதே தவற்றைச் செய்கின்றன. கூறு உள்ளவர் சிலர். பெயர் கெடுவது அனைவருக்கும்.

மருத்துவமும் 1952-இல் இருந்த நிலையில் இன்று இல்லை. ஹைட்ராக்சியூரியா என்னும் மருந்து வலி எழுவதைக் குறைக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே நோயைக் கண்டறிந்து தொற்றுகளைத் தடுத்தால் ஆயுள் நீள்கிறது. இம்மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இடையிடையே குருதியை ஆராய்ந்து அளவைத் திருத்தவும் வேண்டும். கூடலூர், பந்தலூர் வட்டங்களின் உட்காட்டுக் குடியிருப்புகளிலிருந்து பேருந்து நிற்கும் இடத்திற்கு வரவே நெடுந்தொலைவு நடக்க வேண்டியவர் உண்டு. வழியில் யானை நின்றால் அன்றைய பயணம் இல்லை. ஆதலால் மருந்தும் ஆய்வுக் கருவியும் அவர்களை நாடிச் செல்ல வேண்டும். உதகையில் விண்ணின் கதிரை எண்ணும் கருவிகள் இரவும் பகலும் ஓயாது இயங்குகின்றன. ஒரு நாள் விட்டால் கணக்குக் கெடும் என்று அவற்றைக் காப்போர் கண்விழித்திருக்கின்றனர். மலைச்சரிவின் கீழே, ஒரு சிற்றூரில் ஒரு சிறுவனுக்குரிய மாதாந்தர மருந்து மழைக்காலத்திலும் தவறாது வந்து சேர அதே விழிப்பு வேண்டும்.